தொட்டிலை ஆட்டிய கை கொடியையும் பிடித்தது

சங்கத்துக்குச் சந்தா கட்டுவான், ஊர்வலத்துக்கு வருவான், வாயில் கூட்டத்தில் முன் வரிசையில் நிற்பான். கல்யாணம் ஆனால் பாதி ஆள், குழந்தை பிறந்தால் ஆளையே காணோம் என்று தொழிலாளர் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. அப்படிக் காணாமல் போகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிழைக்க வந்த ஊரில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இல்லை, அத்தை இல்லை. ஒற்றை அறையில் ஒரு மூலையில் அடுப்பு, மறு மூலையில் தொட்டில். இரவெல்லாம் குழந்தை அழுதால் காலை ஷிப்டுக்கு எழுந்திருக்க முடியாது. இந்த நிலையில் உலக நியாயம் பேச யாருக்கு நேரம் இருக்கிறது? அதிலும் பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாக வைத்துவிட்டுப் போன பெண்மணி ஒருவர் உண்டு. பெயர் ஸில்வியா பாங்க்ஹர்ஸ்ட். இங்கிலாந்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை வாங்கித் தந்த குடும்பத்துப் பெண் என்று சரித்திரப் பாடத்தில் சிலர் படித்திருக்கலாம். அதற்குப் பிறகு, 45-ஆம் வயதில் முதன்முதலாகத் தாயாகி, கைக்குழந்தையை வைத்துக்கொண்டே போருக்கு எதிராக அவர் நடத்திய போராட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அரசியல் பேசிய வீடு

ஸில்வியா 1882 மே 5-ந் தேதி மான்செஸ்டர் நகரில் பிறந்தார். பஞ்சாலைகளின் ஊர் அது. தந்தை டாக்டர் ரிச்சர்ட் பாங்க்ஹர்ஸ்ட், வக்கீல். மணமான பெண்ணுக்குச் சொத்தில் உரிமை வேண்டும் என்று மசோதா எழுதிக் கொடுத்தவர். ஏழை எளியவர்களுக்காக வாதாடிப் பணம் சேர்க்காமல் போனவர். 1898-இல் அவர் திடீரென்று காலமானபோது குடும்பம் தத்தளித்தது. தாயார் எம்மலின் பிறப்பு இறப்புப் பதிவாளர் வேலை பார்த்துக் குழந்தைகளை வளர்த்தார். பதிவு செய்ய வந்த ஏழைப் பெண்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு அவர் மனம் கொதித்தது. 1903 அக்டோபரில் அவர் வீட்டிலேயே பெண்கள் ஓட்டுரிமைச் சங்கம் பிறந்தது. மூத்த மகள் கிரிஸ்டபெல் சங்கத்தின் மூளையானார். இரண்டாம் மகள் ஸில்வியா அதன் கையானார்.

கை என்று சொல்வது சும்மா அல்ல. ஸில்வியா நல்ல ஓவியர். உதவித்தொகை பெற்று வெனிஸ் நகரிலும், பிறகு லண்டன் ராயல் கலைக் கல்லூரியிலும் பயின்றவர். சங்கத்தின் சின்னங்களையும் கொடிகளையும் வரைந்து கொடுத்தது அவர்தான். ஆனால் தூரிகையோடு அவர் நிற்கவில்லை. 1906-இல் முதன்முறை சிறை சென்றார். 1913-இல் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது, ஒரு மாதத்துக்கும் மேலாக, தினமும் வாயைப் பிளந்து குழாய் செருகிக் கஞ்சி ஊற்றினார்கள். அந்த ஆண்டே அரசாங்கம் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. உண்ணாவிரதத்தால் உயிர் போகும் நிலைக்கு வந்தவரை வெளியே விடுவது, சற்றுத் தேறியதும் மறுபடி பிடித்துப் போடுவது. பூனை எலியைப் பிடித்து விளையாடுவது போன்ற இந்தச் சட்டத்தில் ஸில்வியா திரும்பத் திரும்பச் சிக்கினார்.

இவர் தாயாரோடும் தமக்கையோடும் வேறுபட்ட இடம் ஒன்று உண்டு. அவர்கள் வசதி படைத்த சீமாட்டிகளைத் திரட்டினார்கள். ஸில்வியா கிழக்கு லண்டனில் போ என்ற பகுதிக்குப் போய்க் குடியேறினார். துறைமுகக் கூலிகளும் தீப்பெட்டித் தொழிலாளிகளும் வீட்டிலிருந்தே சட்டை தைத்துப் பிழைக்கும் பெண்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. ஓட்டு வேண்டும் என்றால் இந்தப் பெண்களுக்கும் சேர்த்து வேண்டும் என்றார். தொழிலாளர் இயக்கத்தோடு கை கோத்தார். அது பிடிக்காமல் 1914 ஜனவரியில் பெற்ற தாயும் உடன்பிறந்த தமக்கையும் அவரைச் சங்கத்திலிருந்து விலக்கினார்கள்.

போர் வந்தது, குடும்பம் பிளந்தது

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. எம்மலினும் கிரிஸ்டபெலும் ஒரே நாளில் மாறிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். ஓட்டுரிமைப் போராட்டத்தை நிறுத்திவிட்டு ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் மேடைகளில் ஏறினார்கள். ஸில்வியா மறுத்தார். ஒரு நாட்டுத் தொழிலாளி மறு நாட்டுத் தொழிலாளியைச் சுடுவதால் இருவர் வீட்டிலும் அடுப்பு எரியப் போவதில்லை என்பது அவர் கட்சி. 1916-இல் கட்டாய ராணுவ சேவையை எதிர்த்து அவர் கூட்டம் நடத்தியபோது, அமெரிக்காவில் இருந்த தாயார் மகளின் செய்கையைக் கண்டித்துத் தந்தி அடித்தார்.

அவருக்கு அப்போது குழந்தை இல்லை. ஆனால் கிழக்கு லண்டன் குழந்தைகள் எல்லோருமே அவர் பொறுப்பில் வந்து சேர்ந்தார்கள். போர் தொடங்கியதும் உணவுப் பண்டங்களின் விலை ஏறியது. பட்டறைகள் மூடின. புருஷன் போர்முனைக்குப் போனான். அவன் பெயரில் வர வேண்டிய படிப்பணம் மாதக்கணக்கில் வரவில்லை. தாய்மார்களுக்குப் பால் வற்றியது. ஸில்வியா பால் விநியோக நிலையங்கள் திறந்தார். மலிவு விலைச் சாப்பாட்டுக் கூடங்கள் நடத்தினார். வேலை இழந்த பெண்களுக்காகப் பொம்மைத் தொழிற்சாலை ஒன்று தொடங்கினார்.

இவற்றுள் என் மனதைத் தொட்டது ஒன்று. போ பகுதியில் மூடிக் கிடந்த ஒரு மதுக்கடையை 1915-இல் எடுத்துக் குழந்தைகள் காப்பகம் ஆக்கினார். வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் குழந்தையை விட்டுவிட்டு மாலையில் எடுத்துச் செல்லலாம். வைத்திய உதவி உண்டு. பிற்பாடு மாண்டிசோரி முறையில் கல்வியும் உண்டு. அந்தக் கடையின் பழைய பெயர் துப்பாக்கி செய்வோரைக் குறிப்பது. ஸில்வியா அதைத் தாயின் கரங்கள் என்று பொருள்படும்படி மாற்றினார். பெயர்ப் பலகையில் ஒரு சொல்லை மாற்றித் தன் கொள்கை முழுவதையும் சொல்லிவிட்டார்.

அவர் நடத்திய வாரப் பத்திரிகை 1917-இல் தொழிலாளர் பத்திரிகையாகப் பெயர் மாறியது. போர்முனையில் வீரப்பதக்கம் பெற்ற ஸஸூன் என்ற அதிகாரி, போர் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகிறது என்று அறிக்கை விட்டபோது அதைத் துணிந்து வெளியிட்டது இந்தப் பத்திரிகை. போர் முடிந்த பிறகும் போலீஸ் அவரை விடவில்லை. பத்திரிகையில் வந்த கட்டுரைகளுக்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டி ஆறு மாதத் தண்டனை விதித்தார்கள். 1921-இல் சிறையிலிருந்து வெளிவந்தார். இதற்கிடையே ருஷ்யா சென்று லெனினைச் சந்தித்தார். கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பத்திரிகையைக் கட்சியின் கையில் ஒப்படைக்க மறுத்ததால் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். எந்தக் கட்டுக்குள்ளும் அடங்காத சுபாவம் அவருடையது.

நாற்பத்தைந்தில் ஒரு தொட்டில்

1920-களின் நடுவில் ஸில்வியா லண்டனை அடுத்த வுட்போர்டுக்குக் குடி போனார். துணையாக வந்தவர் ஸில்வியோ கோரியோ. இத்தாலியிலிருந்து அரசியல் காரணமாக வெளியேறியவர்; பத்திரிகையாளர், அச்சுத் தொழில் தெரிந்தவர். இருவருமாகச் சாலையோரம் ஒரு சிறு வீட்டில் தேநீர்க்கடை வைத்தார்கள். ஒரு காலத்தில் மந்திரிகளை நடுங்க வைத்த பெண்மணி, வண்டியில் வருவோர் போவோருக்குத் தேநீர் விற்றுக்கொண்டே நூல்கள் எழுதினார். அவற்றுள் ஒன்று இந்தியாவைப் பற்றியது. 1926-இல் வெளிவந்த அந்த நூலை லண்டன் பதிப்பாளர் யாரும் போடவில்லை. நாம் பிழைக்க வந்த இதே மும்பையில், அன்றைய பம்பாயில்தான் அது வெளியாயிற்று.

1927 டிசம்பர் 3-ந் தேதி ஸில்வியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. வயது 45. தலைப்பிரசவம். சிறையில் பட்டினி கிடந்தும் குழாய்க் கஞ்சியாலும் சீர்குலைந்த உடம்பு. இதற்கு மேல் ஒன்றும் உண்டு. அவரும் கோரியோவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனைவியைக் கணவனின் உடைமையாக்கும் கல்யாணத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தன் பெயரையும் மாற்றிக்கொள்ளவில்லை. குழந்தைக்கும் தன் குடும்பப் பெயரையே வைத்தார். 1927-இல் இங்கிலாந்தில் இது எவ்வளவு பெரிய அவதூறு என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த ஆண்டு பத்திரிகைகள் இதைக் கொட்டை எழுத்தில் போட்டன.

தாயார் எம்மலின் அப்போது கன்சர்வேடிவ் கட்சியின் வேட்பாளராக நின்றுகொண்டிருந்தார். மகளின் செய்தி அவரை இடியாகத் தாக்கியது. மகளைப் பார்க்க மறுத்தார்; பேரனையும் பார்க்க மறுத்தார். 1928 ஜூன் 14-ந் தேதி எம்மலின் காலமானார். ஆண்களுக்குச் சமமாக 21 வயதிலேயே பெண்களுக்கு ஓட்டு என்ற சட்டம் அதற்குப் பதினெட்டு நாள் கழித்து ஜூலை 2-ந் தேதி நிறைவேறியது. ஆயுள் முழுவதும் போராடிய தாய் அதைக் காணவில்லை. ஆறு மாதப் பேரன் முகத்தையும் காணவில்லை. அந்த வருத்தத்தை ஸில்வியா கடைசி வரை சுமந்திருப்பார் என்பதில் சந்தேகமில்லை.

குழந்தைக்கு அவர் வைத்த பெயரைப் பாருங்கள். ரிச்சர்ட் கீர் பெத்திக். ரிச்சர்ட் தந்தையின் பெயர். கீர் என்பது கீர் ஹார்டி. சுரங்கத்தில் வேலை பார்த்துத் தொழிலாளர் தலைவரானவர். 1907-இல் இந்தியா வந்து இங்குள்ள மக்களின் நிலையைக் கண்டு எழுதியவர். போரை எதிர்த்து, மனமுடைந்து 1915-இல் இறந்தவர். பெத்திக் என்பது ஓட்டுரிமைப் போரில் உடன் நின்ற சிநேகிதி எம்மலின் பெத்திக் லாரன்ஸின் பெயர். பெற்ற தாய் கைவிட்ட நேரத்தில், தோழமையையே சொந்தமாக்கிக் குழந்தைக்குப் பெயராகச் சூட்டினார்.

குழந்தையின் வயதும் தாயின் வேலையும்

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. குழந்தை பிறந்த பின் அவர் என்ன செய்தார்? கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது, 1930-இல், தாய்மாரைக் காப்பாற்றக் கோரும் நூலை எழுதினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுதோறும் சுமார் 3,000 தாய்மாரும் 20,000 சிசுக்களும் வீணாக மடிவதைக் காட்டி, பணமுள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் எல்லாத் தாய்க்கும் அரசாங்கமே பிரசவ வைத்தியம் தர வேண்டும் என்று கேட்டார். தான் பிழைத்தது பாக்கியம்; எல்லோரும் பிழைப்பது உரிமை. அந்த நூலின் சாரம் இதுதான். எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்ற திட்டம் அந்த நாட்டில் 1948-இல்தான் வந்தது.

குழந்தைக்கு மூன்று வயதில், 1931-இல், ஓட்டுரிமை இயக்கத்தின் வரலாற்றை ஒரு தலையணை அளவுக்கு எழுதி முடித்தார். நான்கு வயதில், 1932-இல், முதல் உலகப் போர்க் காலத்தில் கிழக்கு லண்டன் பெண்கள் பட்ட பாட்டை நூலாக்கினார். போர் என்றால் போர்முனை மட்டும் அல்ல, அடுப்படியும்தான் என்று காட்டியது அந்தப் புத்தகம். இவையெல்லாம் பொழுதுபோக்குக்கு எழுதியவை அல்ல. வீட்டுச் செலவுக்கும் எழுத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

எப்படி முடிந்தது? ஒரு காரணம் கோரியோ. பத்திரிகை வேலையிலும் வீட்டு வேலையிலும் அவர் பங்கெடுத்துக்கொண்டார். நான் ஆண்பிள்ளை என்று திண்ணையில் உட்காரவில்லை. இன்னொரு காரணம், ஸில்வியா குழந்தையையும் கொள்கையையும் இரண்டு அறைகளில் பிரித்து வைக்கவில்லை. அவர் வீட்டில் அகதிகள், தொழிலாளர்கள், ஆப்பிரிக்கர்கள் வந்து போனார்கள். அவர்கள் நடுவில்தான் சிறுவன் வளர்ந்தான். முஸோலினியின் ஆட்கள் 1924-இல் கொன்ற இத்தாலிய எதிர்க்கட்சித் தலைவர் மாட்டியோட்டியின் விதவைக்காக, ரிச்சர்டுக்கு நான்கு வயதிருக்கும்போது, ஸில்வியா ஒரு பெண்கள் குழுவைத் திரட்டினார். கணவனை இழந்து, சொந்த நாட்டிலேயே போலீஸ் காவலில், குழந்தைகளோடு வாழ்ந்த பெண் அவர். ஒரு தாயின் துயரம் மற்றொரு தாய்க்கு எட்டியது.

கல்லில் ஒரு குண்டு

1932-இல் ஜெனீவாவில் உலக ஆயுதக் குறைப்பு மாநாடு கூடியது. விமானத்திலிருந்து குண்டு போடுவதைத் தடை செய்யலாமா என்ற பேச்சு வந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு விதிவிலக்குக் கேட்டது. தன் சாம்ராஜ்யத்தின் ஓரங்களில், எளிதில் போக முடியாத இடங்களில், அமைதி காக்கக் குண்டு வேண்டுமாம். அந்த ஓரங்கள் எவை? ஒன்று ஈராக். மற்றொன்று நம் இந்தியாவின் வடமேற்கு எல்லை. அங்கே மண் வீடுகளில் இருந்த தாய்மாரும் குழந்தைகளும் அவர்கள் கணக்கில் வரவில்லை. மாநாடு தோற்றது. 1935 மே மாதம் விமானத்துறை மந்திரி லண்டன்டெரி பிரபு, அந்தக் குண்டு விமானங்களைக் காப்பாற்றியதைப் பிரபுக்கள் சபையில் ஒரு சாதனையாகவே சொன்னார்.

ஸில்வியாவுக்கு ரத்தம் கொதித்தது. வுட்போர்டில் தமக்குச் சொந்தமான இடத்தில், போவோர் வருவோர் கண்ணில் படும்படி, கல்லில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார். எரிக் பென்பீல்ட் என்ற சிற்பி செதுக்கியது. போர் நினைவுச் சின்னம் என்றால் வீரனின் சிலை இருக்கும், தேவதை இருக்கும். இதில் இருப்பது ஒரே ஒரு குண்டு. மேலிருந்து விழும் கோலத்தில் தலைகீழாக நிற்கும் கல் குண்டு. அதைச் சமர்ப்பித்திருப்பதும் யாருக்கு? ஜெனீவாவில் குண்டு போடும் உரிமையைக் காப்பாற்றிய கனவான்களுக்கு! அந்தத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் வேறு யாரும் அல்ல, வின்ஸ்டன் சர்ச்சில்தான். 1935 அக்டோபரில் திறக்கப்பட்ட சின்னம் பழுதாக்கப்பட்டது. 1936 ஜூலையில் மறுபடி திறந்தார். இன்றும் அது சாலையோரம் நிற்கிறது.

திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு, 1935 அக்டோபர் 3-ந் தேதி, முஸோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்திருந்தது. வெறுங்காலோடு நின்ற மக்கள் மீது விமானங்கள் குண்டும் விஷப்புகையும் பொழிந்தன. கல்லில் வடித்து எச்சரித்தது கண்ணெதிரே நடந்தது. 1936 மே 5-ந் தேதி தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. அதே நாள் தேதியிட்டு ஸில்வியா எத்தியோப்பியாவுக்காக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். அன்று அவருக்கு 54 வயது நிறைந்தது. மகனுக்கு வயது எட்டு. இருபது ஆண்டுக் காலம் அந்தப் பத்திரிகை நடந்தது.

குறையும் நிறையும்

ஸில்வியாவைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. முதல் போரை எதிர்த்தவர் இரண்டாம் போரில் பாஸிஸத்தை ஆயுதத்தால் முறியடிப்பதை ஆதரித்தாரே என்று கேட்டவர்கள் உண்டு. முடியாட்சியை வெறுத்தவர் எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹெய்லி ஸெலாஸிக்கு நெருங்கிய நண்பரானது எப்படி என்று கேலி செய்தவர்களும் உண்டு. அந்தச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் ஏழை எத்தியோப்பியன் பட்ட பாட்டை அவர் போதிய அளவு பார்க்கவில்லை என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒன்றில் அவர் மாறவே இல்லை. மேலிருந்து குண்டு போடுகிறவன் பக்கம் அவர் ஒருநாளும் நின்றதில்லை. கீழே நிற்கிறவன் பக்கமே நின்றார். அடி வாங்குகிறவனை மட்டும் அமைதியாக இருக்கச் சொல்வது சமாதானம் ஆகாது என்று கருதினார்.

1941-இல் எத்தியோப்பியா விடுதலை பெற்றது. போர் முடிந்ததும் அவர் ஓயவில்லை. செவிலியாகப் பயிற்சி பெற்று இளம் வயதில் மறைந்த இளவரசி ஸெஹாயின் நினைவாக அடிஸ் அபாபாவில் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டினார். 1954-இல் கோரியோ காலமானார். 1956-இல், 74 வயதில், வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு எத்தியோப்பியாவுக்கே குடிபெயர்ந்தார். மகன் அங்கே கல்லூரி ஆசிரியரானார். தாயும் மகனும் சேர்ந்து ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார்கள். ஒரு காலத்தில் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே விளையாடிய பிள்ளை, இப்போது அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து புரூப் திருத்தும் ஆளாகிவிட்டார்.

1960 செப்டம்பர் 27-ந் தேதி ஸில்வியா அடிஸ் அபாபாவில் காலமானார். அரசு மரியாதையுடன், இத்தாலியரை எதிர்த்துப் போரிட்ட தேசபக்தர்கள் துயிலும் இடத்தில், திரித்துவ தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். பிறந்த நாட்டில் சிறை கொடுத்தார்கள். வந்த நாட்டில் மண் கொடுத்தார்கள்.

மகன் ரிச்சர்ட் 1963-இல் எத்தியோப்பிய ஆராய்ச்சிக்கென ஒரு கழகம் நிறுவினார். முஸோலினி 1937-இல் ரோமாபுரிக்கு எடுத்துச் சென்ற அக்ஸும் கல் தூணைத் திரும்பக் கொடு என்று ஆண்டுக்கணக்கில் போராடியவர்களில் முன்னணியில் நின்றார். 2005-இல் அந்தத் தூண் ஊர் திரும்பியது. 2017-இல் ரிச்சர்டும் அதே அடிஸ் அபாபாவில் கண் மூடினார். தாய் ஒரு கல்லை நிறுத்தினாள். மகன் ஒரு கல்லை மீட்டான்.

குழந்தை பிறந்த பிறகு பொதுக் காரியத்தை விட்டுவிடுவதா, பொதுக் காரியத்துக்காகக் குழந்தையை விட்டுவிடுவதா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஸில்வியா இரண்டையும் விடவில்லை. வீட்டு வேலையில் பங்குகொள்ளும் துணை அவருக்கு இருந்தது. ஒதுக்கித் தள்ளிய சுற்றத்துக்குப் பதில் தோழர்கள் இருந்தார்கள். போ பகுதித் தாய்மார்களுக்கோ அவர் நடத்திய காப்பகம் இருந்தது. நம் ஒற்றை அறைத் தொட்டில்களுக்கு அவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் ஊர்வலத்துக்குப் போகும் மாலையில் அவர் குழந்தையை நாம் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டால், அதுவும் ஊர்வலத்தில் நடந்ததற்குச் சமம்தான்.